வறண்ட கரட்டில் என்ன இருக்கிறது? மதுரைக் குன்றுகளின் செடிகளைப் படிக்கும் முறை

2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டி ஊரையும் உள்ளடக்கிய பகுதியில், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்ததும் மதுரை மாவட்டத்தில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. ‘அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆயிற்றே, அங்கே எப்படிச் சுரங்கம்?’ என்று ஒரு பக்கம். ‘மொட்டைப் பாறையும் முள்ளுச் செடியும்தானே இருக்கு, அதில் என்ன பல்லுயிர்?’ என்று இன்னொரு பக்கம். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. முதல் கேள்வி அதோடு அடங்கிப்போனது. இரண்டாவது கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நாளைக்கு வேறொரு கரட்டுக்குக் குவாரியோ, குப்பைக் கிடங்கோ, சோலார் பூங்காவோ வரும்போது அதே கேள்வி திரும்ப வரும்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இங்குள்ள காட்டுச் செடிகளை எப்படிப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை எப்படிப் பதிவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்திருப்பார்.

முதலில் பாறை, அப்புறம் மழை

யானைமலை, திருப்பரங்குன்றம், பசுமலை, பெருமாள்மலை, மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் சமவெளியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்பவை. நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகள். சுற்றியிருந்த மென்மையான பகுதி பல கோடி ஆண்டுகளில் அரித்துப் போக, கடினமானது மட்டும் மிஞ்சியது. சின்னதாக இருந்தால் கரடு என்கிறோம், பெரிதாக இருந்தால் மலை என்கிறோம். செடிகளைப் பொறுத்தவரை இவை நிலத்துக்கு நடுவே இருக்கும் தீவுகள். கீழே வயலும் வீடும் ரோடும் வந்துவிட்ட பிறகு, முன்பு எங்கும் பரவியிருந்த பல செடிகளுக்கு இந்தத் தீவுகளே கடைசி இடமாகிவிட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் இடியோடு கொஞ்சம், சித்திரையில் கோடை மழை கொஞ்சம். தை பிறந்ததிலிருந்து நிலம் காய ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் மொட்டைப் பாறையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பாறை அதைக் குடிக்காது. வெடிப்புகளில் இறங்கியதும் குழிகளில் தேங்கியதும் போக, மிச்சம் அடிவாரத்துக்கு ஓடி வரும். ஆகவே பாறையின் உச்சியில் பாலைவனத்துக்குச் சமமான வறட்சியும், அதே பாறையின் காலடியில் ஊர் மழையைப் போலப் பல மடங்கு ஈரமும் இருக்கும். இரண்டுக்கும் இடையே நடந்தால் பத்து நிமிட தூரம். அரிட்டாபட்டி பற்றிய அரசு அறிவிப்பில் ஏழு குன்றுகளோடு 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று சேர்த்தே எழுதியிருப்பதன் காரணம் இதுதான். பாறைதான் அந்தக் கண்மாய்களின் கூரை.

ஒரு குன்றில் ஐந்து இடங்கள்

செடியைப் படிக்கப் போகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது செடியை அல்ல, இடத்தை. மதுரைக் குன்று ஒன்றை எடுத்துக்கொண்டால் மேலிருந்து கீழே இப்படி வரும்.

1. மொட்டைப் பாறை. பார்வைக்கு வெறும் கல். பாறையில் மழைநீர் வழியும் தடத்தில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன அல்லவா, அவை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகள். உயிருள்ளவை. மழை பெய்த சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். பக்கத்தில் சாம்பல், ஆரஞ்சு நிறத்தில் படை படையாக இருப்பவை லைக்கன்கள், அதாவது பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்பவை.

2. பாறைக் குழியும் வெடிப்பும். இரண்டு விரல்கடை மண் சேர்ந்தால் போதும், கானாவாழை வகைகளும் ஓராண்டுப் புற்களும் முளைத்துவிடும். ஐப்பசியில் முளைத்து மார்கழிக்குள் விதை போட்டுக் காய்ந்துவிடும். நிழல் விழும் வெடிப்பில் மயில்சிகை என்ற பெரணி. பனையோலையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சின்னதாக்கினாற்போல இருக்கும்.

3. சரிவில் இருக்கும் முட்புதர்க்காடு. கிளுவை, முள்கிளுவை, உசில், வெட்பாலை, விராலி, காரை, சதுரக்கள்ளி, பிரண்டை, நன்னாரி. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். எண்ணிப் பார்த்தால் செடி வகை அதிகமாக இருப்பதும் பல குன்றுகளில் இங்கேதான்.

4. ஓடைக்கரையும் சுனையோரமும். அழகர்மலையில் சிலம்பாறு வரும் வழியில் நடந்தவர்களுக்குத் தெரியும், நாலு அடி தள்ளி முட்புதர், ஓடைக்குள் இறங்கினால் குளிர்ந்த நிழல். நாவலும் மருதும் போன்ற மரங்கள் நிற்க அந்த ஈரமே காரணம்.

5. கண்மாய். கரையில் பனையும் கருவேலமும். ஓரச் சேற்றில் கோரையும் நீர்முள்ளியும் பொடுதலையும். தண்ணீர் இருக்கும்போது அல்லி. தண்ணீர் வற்றி உள்வாய் வெடித்துக் கிடக்கும்போது தரையோடு தரையாக ஒட்டிப் படர்கிறதே செருப்படை, அது நீர் வற்றுவதற்காகவே காத்திருக்கும் செடி. அது முளைக்கக் கண்மாய் நிறையவும் வேண்டும், வற்றவும் வேண்டும்.

திணை என்று நிலத்தையும் பருவத்தையும் பூவையும் ஒரே சொல்லில் கட்டி வைத்த மொழி நம்முடையது. சூழலியல் பாடப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதன் விதை அதில் இருக்கிறது. ஆனால் இன்று பெரும்பாலான பள்ளித் தாவர வகுப்புகளில் செம்பருத்தியைக் கிள்ளி மேசையில் வைத்து அறுத்துப் பார்ப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தச் செடி எந்த மண்ணில், எதன் பக்கத்தில், எந்த மாதத்தில் நின்றது என்ற பாதிப் பாடம் வகுப்புக்கு வெளியேயே நின்றுவிடுகிறது.

கோடையை எப்படித் தாண்டுகின்றன

ஐந்து மாதம் பெரிதாக மழை இல்லாத பாறையில் ஒரு செடி உயிரோடு இருக்க வழிகள் சிலதான் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால் காய்ந்த குன்று வேறு மாதிரித் தெரியும்.

1. விதையாகிவிடுவது. ஓராண்டுச் செடிகள் எல்லாம் இந்த வழி. பங்குனியில் தேடினால் செடி இருக்காது. மண்ணுக்குள் விதை இருக்கும். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தால் போவது மண் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு காடும் சேர்ந்து போகிறது.

2. நிலத்தடிக்குப் போய்விடுவது. செங்காந்தள் கிழங்கு கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொடி ஏறிப் பூக்கும். அதனால்தான் கார்த்திகைப் பூ என்ற பெயர். நரிவெங்காயம் இதைவிட விசித்திரம். கடும் வெயிலில், ஒரு இலைகூட இல்லாமல், வெறும் தரையிலிருந்து நீளமான பூத்தண்டை மட்டும் மேலே அனுப்பும். இலை மழைக்குப் பிறகுதான் வரும்.

3. இலையை உதிர்த்துவிட்டு நிற்பது. கிளுவை மரம் ஆண்டில் பல மாதம் இலையின்றி நிற்கும். ஆனால் அதன் பட்டையின் மேல்தோல் காகிதம்போல உரியும், உள்ளே பச்சை. அந்தப் பச்சைப் பட்டையே ஓரளவுக்கு இலை வேலையைப் பார்க்கிறது. கோங்கு மரம் இலை முழுதும் உதிர்த்த பிறகு மாசி, பங்குனியில் மஞ்சளாகப் பூக்கும். இலை மறைக்காததால் வண்டுக்கும் தேனீக்கும் பூ தூரத்திலிருந்தே தெரியும்.

4. தண்ணீரைச் சேமித்து, மூச்சை இரவுக்கு மாற்றுவது. பிரண்டைத் தண்டும் சதுரக்கள்ளியும் பகலில் காற்று போய்வரும் நுண்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. வெயிலில் துளை திறக்காததால் தண்ணீர் வீணாவதில்லை.

5. காய்ந்தே போய்த் திரும்பி வருவது. மயில்சிகையைக் கோடையில் தொட்டால் நொறுங்கும், செத்துவிட்டது என்றுதான் நினைப்போம். மழை பட்டதும் அதே இலை விரிந்து பச்சையாகும். இந்தத் திறன் உள்ள பூக்கும் தாவரங்கள் உலகத்திலேயே குறைவு. பாறைக் குன்றுகள் இப்படிப்பட்ட செடிகளின் முக்கிய வாழிடங்களில் ஒன்று.

இந்த ஐந்தில் முதல் இரண்டு வழியும் கோடையில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவதும் ஐந்தாவதும் செத்தது போலத் தெரியும். மே மாதம் போய்க் கணக்கெடுத்து ‘இங்கே செடி குறைவு’ என்று எழுதும் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை, இரவில் போய் ‘இங்கே பறவை இல்லை’ என்று எழுதுவதற்குச் சமம்.

பெயரில் இருக்கும் சிக்கல்

உள்ளூர்ப் பெயர்கள் அறிவு நிறைந்தவை. உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரே உசில மரத்தால் வந்தது என்பார்கள். அதன் இலைப்பொடிதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. எந்த மரம் எதற்கு உதவும் என்பதைப் பெயரோடு சேர்த்தே கற்றுக்கொண்டவர்கள் நம் கிராமத்து ஆடு மேய்ப்பவர்களும் வைத்தியர்களும். ஆனால் பட்டியல் போடும்போது மட்டும் உள்ளூர்ப் பெயர் தனியே நின்றால் இரண்டு வகையில் குழப்பம் வரும்.

ஒரு செடிக்குப் பல பெயர். தைப்பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்டில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துச் செருகும் வெள்ளைப் பூ ஒரு ஊரில் சிறுபீளை, இன்னொரு ஊரில் பூளைப்பூ, வேறொரு ஊரில் கண்ணுப்பிள்ளை. மூன்று பேரிடம் கேட்டு எழுதினால் பட்டியலில் மூன்று செடியாகிவிடும்.

பல செடிக்கு ஒரே பெயர். இதற்கு மதுரையைவிட நல்ல உதாரணம் இல்லை. இந்த ஊருக்கே கடம்பவனம் என்று பெயர். ஆனால் எந்தக் கடம்பு? வெண்கடம்பு, நீர்க்கடம்பு, மஞ்சக்கடம்பு மூன்றும் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்கடம்போ அந்தக் குடும்பத்துக்கே தொடர்பில்லாத மரம். பழைய பாட்டுகளில் ‘கடம்பு’ என்று வரும் இடத்திலெல்லாம் ஒரே மரத்தை வைத்துக்கொண்டு பொருள் சொன்னால் தப்பாகிவிடும். மருந்துச் செடியில் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்து. கீழாநெல்லி என்று பறிக்கப்படுவதில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பல சிற்றினங்கள் கலந்துவிடும்.

அறிவியல் பெயர் இதற்காகத்தான். 1753-இலிருந்து ஒரு தாவரத்துக்குப் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல் கொண்ட பெயர் நடைமுறையில் இருக்கிறது. உசிலுக்கு அல்பிசியா அமாரா. இதுவும் மாறாதது அல்ல. ஆராய்ச்சியில் உறவுமுறை தெளிவாகும்போது பேரினப் பெயரை மாற்றுவார்கள். நம் கருவேலம் பல காலமாக அகேசியா நிலோட்டிகா, இப்போது வச்செல்லியா நிலோட்டிகா. மாற்றத்துக்கு எழுத்தில் தடம் இருப்பதால் பழைய பெயரை வைத்துத் தேடினாலும் புதியது கிடைத்துவிடும். ஆகவே பட்டியலில் இரண்டும் வேண்டும். அறிவியல் பெயர், அதோடு அந்த ஊரில் சொல்லும் பெயர், சொன்னவரின் ஊர்.

நான்கு சொற்கள்

செய்திகளில் கலந்து கட்டி வரும் சொற்கள் இவை.

இயல் தாவரம்: மனிதர் கொண்டுவராமல் இந்த நிலத்திலேயே தோன்றியோ பரவியோ இருப்பது. ஓரிட வாழ்வி: குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டும் இருப்பது, வேறெங்கும் இல்லாதது. இயல்பாகிவிட்ட அயல் தாவரம்: வெளியிலிருந்து வந்து, யாரும் நடாமலே இங்கே பெருகுவது. ஆக்கிரமிப்புத் தாவரம்: அப்படிப் பெருகி மற்றவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. அயல் தாவரம் எல்லாம் ஆக்கிரமிப்புத் தாவரம் அல்ல. மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

சீமைக்கருவேலம் நாலாவது வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. ஆடுமாடு நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பும். தரைக்கு மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து மாவட்டங்களில் இதை அகற்றும் வேலை தீவிரமாக நடந்தது. செடி அறிதல் எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் வெளிப்படையாகத் தெரிந்தது. நாட்டுக் கருவேலத்துக்குப் பூ உருண்டையாக மஞ்சள் பந்துபோல இருக்கும். நெற்று மணி கோத்தாற்போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ நீளமான கதிர். நெற்று வெளிர்மஞ்சள், இடுக்கு இல்லாமல் பட்டையாக இருக்கும். வன்னிக்கும் கதிர்ப்பூதான், முள்ளும் உண்டு. அதுவோ கோயில்களில் தலமரமாக நிற்கும் நம் ஊர் மரம். ஜேசிபியின் வாளிக்கு இந்த வேறுபாடு தெரியாது. முன்னால் நடந்து குறி போட ஆள் வேண்டும். அது மட்டுமல்ல, மண்ணைப் புரட்டிவிட்டு அப்படியே விட்டால் கிடந்த விதையெல்லாம் அடுத்த மழையில் முளைக்கும். அகற்றிய இடத்தில் என்ன வளர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத அகற்றல் அரை வேலை. தமிழ்நாடு அரசு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கு என்று வெளியிட்ட கொள்கை, அகற்றலோடு வாழிட மீட்பையும் சேர்த்துப் பேசுவது சரியான திசை.

பட்டியல் எப்படி உருவாகிறது

‘இந்தக் குன்றில் இத்தனை வகைத் தாவரம்’ என்று ஒரு எண்ணைப் படித்தால் அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். நம்பத்தக்க எண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய இந்த வேலைகள் இருக்கும்.

1. பருவம்தோறும் போவது. மதுரைக்குக் குறைந்தது நாலு முறை: ஆடிக் காற்றில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று, தையில் ஒன்று, பங்குனியில் ஒன்று. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் கார்த்திகையில் போகலாம். அப்போதும் கோங்கின் பூவையும் நரிவெங்காயத்தின் பூத்தண்டையும் தவறவிடுவோம்.

2. கட்டம் போட்டு எண்ணுவது. மரத்துக்கு 10-க்கு 10 மீட்டர், புதருக்கு 5-க்கு 5, சிறு செடிக்கு 1-க்கு 1 மீட்டர் என்று சதுரம் கட்டி, உள்ளே இருப்பதை எல்லாம் எண்ணுவார்கள். மேலே சொன்ன ஐந்து இடங்களிலும் தனித்தனியாகப் போட வேண்டும். அடிவாரத்தில் மட்டும் பத்துக் கட்டம் போட்டால் பாறைக்குழிச் செடி ஒன்றுகூட வராது. கட்டங்கள் கூடக்கூடப் புதுச் செடி வருவது குறைந்துகொண்டே போகும். ஏறக்குறைய நின்றுவிட்ட நிலையில்தான் பட்டியல் முழுமையை நெருங்குகிறது. ஐந்தாவது கட்டத்திலும் நாலு புதுச் செடி வந்தால் வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை.

3. குறிப்பேடு. தேதி, இடம், உயரம், எந்தப் பாறை அல்லது மண், வெயிலா நிழலா, பக்கத்தில் என்ன செடி, பூவின் நிறம், வாசனை, பால் வடிகிறதா, என்ன பூச்சி வந்தது. நன்னாரியை இலையில் நடுநரம்பையொட்டி ஓடும் வெள்ளைக் கோடு, எதிரெதிர் இலை, கிள்ளினால் பால், வேரின் மணம் என்று நாலு அடையாளத்தோடு எழுதினால் பிறகு யாரும் சந்தேகப்பட வேண்டாம். காய்ந்த பின் மறைந்துவிடும் நிறமும் வாசனையும் முதலில் எழுத வேண்டியவை. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். புல்லும் கோரையும் அது இல்லாமல் பிடிபடாது.

4. உலர்மாதிரி. பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டிச் சீட்டு எழுதி வைப்பது. இதைப் பழைய முறை என்று ஒதுக்கக் கூடாது. பெயரில் தப்பு நேர்ந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் எடுத்துப் பார்த்துத் திருத்த முடிவது உலர்மாதிரி இருப்பதால்தான். கோவையில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் உலர்தாவரகமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகமும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அருகிலுள்ள பெரிய தொகுப்புகள்.

5. படம். 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தபோது அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். இன்று மொபைல் இருக்கிறது. ஆனால் அழகான பூ ஒன்றை மட்டும் எடுத்த படம் அடையாளத்துக்குப் போதாது. முழுச் செடி, இலையின் இரு பக்கம், தண்டில் இலை சேரும் இடம், பூவின் பக்கவாட்டு, காய் என்று ஐந்தாறு படம் வேண்டும். செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் பயிற்சிப் படங்களில் நம் முட்புதர்க்காட்டுச் செடிகள் குறைவாக இருக்கும்போது, தெரிந்த ஏதோ ஒரு தோட்டச் செடியின் பெயரைச் சொல்லிவிடும்.

காப்புக்காடுகளில் நுழையவும் மாதிரி எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மற்ற இடத்திலும் வேரோடு பிடுங்கத் தேவையே இல்லை. ஒரு இடத்தில் பத்துச் செடிகூட இல்லையென்றால் படத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை. இன்னொன்று, அடையாளம் உறுதியாகும் முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். செங்காந்தள் கிழங்கில் உள்ள கொல்ச்சிசின் உயிரைக் குடிக்கும் நஞ்சு.

‘தரிசு’ என்ற சொல் செய்யும் வேலை

வருவாய்த் துறைப் பதிவேட்டில் நிலத்துக்கு எழுதியிருக்கும் சொற்கள் வரிக் கணக்குக்காக வந்தவை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, பாறைப் புறம்போக்கு, கல்லாங்குத்து. உழ முடியாது, வரி வராது என்பதே இவற்றின் பொருள். உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இந்தச் சொற்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு திட்டத்துக்கு இடம் தேடும்போது இந்தச் சொல்தான் முதலில் கண்ணில் படுகிறது. தேசிய அளவிலும் இதே கதை. ஒன்றிய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் ‘அடர்ந்த புதர் உள்ள நிலம்’, ‘திறந்த புதர் நிலம்’, ‘பாறை நிலம்’ எல்லாமே தரிசு வகைகளாகவே வரும். அடர்ந்த புதர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே அதைத் தரிசு என்று வகைப்படுத்துவது எவ்வளவு முரண் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதனால் வரும் கெடுதல் சுரங்கம், குவாரி மட்டுமல்ல. நல்ல எண்ணத்தில் செய்யும் மரநடுகையும் இதில் சேரும். புதர் நிலத்தைச் சுத்தம் செய்து, குழி தோண்டி, தண்ணீர் லாரியில் கொண்டுவந்து ஊற்றி, அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத மரத்தை நடும்போது, ஏற்கெனவே தண்ணீர் கேட்காமல் வாழ்ந்துகொண்டிருந்த கிளுவையும் விராலியும் நன்னாரியும் போய்விடுகின்றன. மதுரையில் ஜிகர்தண்டாவுக்கு ஊற்றும் நன்னாரிச் சர்பத்தின் வேர் இப்படிப்பட்ட புதர்களின் அடியில்தான் விளைகிறது. மரம் வைக்க விரும்புவோருக்குக் கண்மாய்க் கரையும் சாலையோரமும் பள்ளி வளாகமும் இருக்கின்றன. கரட்டை விட்டுவிடலாம்.

சட்டம் தருவதும் தராததும்

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தபின் ஒரு இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது. நாட்டில் முதலாவது, 2007-இல் அறிவிக்கப்பட்ட பெங்களூரு அருகேயுள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு. தமிழ்நாட்டில் முதலாவது, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் அறிவிக்கப்பட்ட சுமார் 193 ஹெக்டேர். 2025 மார்ச்சில் அழகர்மலையை ஒட்டி, திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் கோயில்காடு இரண்டாவதாகச் சேர்ந்தது. பன்னிரண்டு ஏக்கர்தான். ஊரார் சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்டதால் அங்கே மிஞ்சியிருப்பது, அந்தப் பகுதி முன்பு எப்படி இருந்தது என்பதற்கான மாதிரி. மற்ற கரடுகளை மீட்கும்போது எதை நட வேண்டும் என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பல்லுயிர் பாரம்பரியத் தலம் வனவிலங்குச் சரணாலயம் போன்றது அல்ல. ஊர் மக்கள் வழக்கமாகச் செய்துவரும் மேய்ச்சல், வழிபாடு போன்றவற்றைத் தடுப்பது இதன் நோக்கமில்லை. அந்தப் பயம் தேவையில்லை. மறுபுறம், தலம் என்று அறிவித்ததாலேயே எல்லாக் கதவும் அடைபட்டுவிடவும் இல்லை. கனிமச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம். அப்படித்தான் 2,015 ஹெக்டேர் கொண்ட ஏலப் பகுதிக்குள் இந்த 193 ஹெக்டேரும் வந்து சேர்ந்தது. சட்டமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதே மாதம், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்று ஆராயும் யோசனையும் வந்தது.

மேலே சொன்ன பாறைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு அந்த யோசனையைப் பார்க்க வேண்டும். 193 என்பது 2,015-இல் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கோட்டுக்கு உள்ளே இருப்பதை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினால், பாறையிலிருந்து கண்மாய்க்கு வரும் நீர் எந்த வழியாக வரும்? விதை கொண்டுவரும் பறவை எங்கே அடையும்? தாவரப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் இடமும் ஈரமும் எழுதப்பட்டிருந்தால், இந்தக் கேள்விக்கு ஆவேசம் தேவையில்லாமல் பதில் சொல்லலாம். ஏலம் ரத்தானது மக்கள் திரண்டதால். எல்லாக் கரட்டுக்கும் அப்படித் திரள முடியாது.

ஊராட்சியில் இருக்கும் பதிவேடு

அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதியைக் கெடுவாக வைத்ததால் நாடெங்கும் இந்தப் பதிவேடுகள் வேகமாக எழுதப்பட்டன. அவசரத்தில் எழுதும்போது வேம்பு, துளசி, ஆவாரம், குப்பைமேனி என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியல் வந்துவிடும். அதைத் திருத்தலாம், சேர்க்கலாம். பதிவேடு ஒரு முறை எழுதி மூடி வைப்பதற்கு இல்லை. தாவரவியல் படிக்கும் மாணவர்கள் நாலு பருவம் நடந்து எடுத்த பட்டியலை உலர்மாதிரி எண்ணோடு ஊராட்சியில் கொடுத்தால், அடுத்து எந்தத் திட்டம் வந்தாலும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எடுத்து வைக்க அது ஆவணமாக இருக்கும்.

பதிவேட்டில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். செடியைச் சொல்லிக்கொடுத்த ஆடு மேய்க்கும் பெரியவர், வைத்தியம் பார்க்கும் பாட்டி ஆகியோரின் ஒப்புதலோடுதான் அவர்கள் சொன்னதை எழுத வேண்டும். விரும்பினால் அவர்கள் பெயரையும் சேர்க்கலாம், விரும்பாத மருத்துவக் குறிப்பை வெளியே விடக் கூடாது. அரிதான கிழங்கோ வேர்மருந்தோ நிற்கும் சரியான இடத்தை எல்லோரும் பார்க்கும் தாளில் எழுதாமல், குழுவிடம் இருக்கும் தனித்தாளில் வைக்க வேண்டும். இணையத் தளங்களில் படத்தைப் பதிவேற்றும்போதும் இதே கவனம் தேவை. இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கும் வசதி அவற்றில் இருக்கிறது. பத்திருபது செங்காந்தள் மட்டும் பூக்கும் ஒரு சரிவின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொதுவில் போட்டால், அடுத்த கார்த்திகைக்குள் அங்கே கிழங்கு தோண்டிய குழிகள் மட்டுமே இருக்கக்கூடும்.